நாலு மணி முதல் ஐந்தரை வரை கடல் குளியல்

போன மாதம் மௌமிதாவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. நான் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் அவள். டூர் ஷீட்டையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரே அரை நிமிடத்தில் எழுதித் தள்ளிவிடுகிறதாம். ஆனால் அதில் மனித வாசனை இல்லை என்று வாடிக்கையாளர்கள் குறைப்படுகிறார்களாம். அதனால் ‘புக்கெட்டில் பார்க்கவும் செய்யவும் பத்து விஷயங்கள்’ என்று என் அனுபவத்திலிருந்து நான் எழுதித் தர வேண்டுமாம். கூடவே கை கூப்புகிற பொம்மை மூன்று. மனித வாசனைக்கு என்னைப் போய்ப் பிடித்தாளே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவளைச் சொல்லி என்ன பயன், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் புக்கெட்டைப் பார்த்ததே இல்லை. புக்கெட் என்ன, கடல் தாண்டி எந்த ஊரையும் பார்த்ததில்லை. ஆனால் தாய்லாந்தின் அந்தக் கடற்கரை ஊரில் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வெயில் இறங்கும், எந்தக் கோயில் வாசலில் பஸ் நிறுத்தலாம், எந்த ஓட்டல்காரன் எங்கள் டூரோடு போகும் சமையல்காரரைத் தன் அடுப்படிக்குள் விடுவான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் தொழில் அப்படி.

கரியாஹாட் முனையில், ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் டூர் கம்பெனி ஆபீஸ். சேர்ந்த புதிதில் ரயில் டிக்கெட் வரிசையில் நிற்பது, ஒரிசாவின் பூரி கடற்கரை ஓட்டல்களுக்குக் கடிதம் எழுதுவது, பயணிகளின் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது என்று நாலைந்து வருஷம் போயிற்று. பிறகு ஷீட் எழுதும் வேலை வந்தது. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழன் என்பதால் வங்காள மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சுப்பிரமணியன் என்ற பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாமல் மணிதா ஆனேன். தா என்றால் தாதா, அண்ணன்.

ஷீட் என்பது சாதாரணக் காகிதமில்லை. வங்காளி டூர் போவதே பாயிண்ட்டுகளை, அதாவது பார்த்த இடங்களை, எண்ணுவதற்குத்தான். டார்ஜிலிங் போனால் ஏழு பாயிண்ட், அதில் ஒன்று விட்டுப்போனால் திரும்பி வந்து ஆபீசில் நின்று கத்துவார்கள். அதனால் ஷீட்டில் நாலு கட்டம் போடுவோம். நேரம், இடம், பார்க்க வேண்டியது, செய்ய வேண்டியது. பயணிகள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடம் வந்ததும் பால்பாயிண்ட் பேனாவால் டிக் அடிப்பார்கள். ஒரு பாயிண்ட்டை மாற்றவோ விடவோ டூர் மேனேஜருக்கு அதிகாரம் கிடையாது. ஆபீசுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். ஆபீசில் போனை எடுத்தவர் சான்யால் பாபுவிடம் அனுமதி வாங்கிச் சொல்லவேண்டும். யார் கேட்டார்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னோம் என்று பச்சை அட்டை ரெஜிஸ்டரில் எழுதவேண்டும். ரெஜிஸ்டரில் இருந்தால் நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவில்லை. இதுதான் எங்கள் சட்டம்.

சான்யால் பாபு எங்களுக்கெல்லாம் மேலதிகாரி. கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பா, காதில் செருகிய சிவப்புப் பென்சில். நான் எழுதிய ஷீட்டை என்னிடமிருந்து வாங்கி, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தானே ஒரு பயணி மாதிரி சத்தமாகப் படிப்பார். கொட்டாவி விடுவார். கால் வலிக்கிறது என்பார். டீ எங்கே என்று என்னையே கேட்பார். சிரிப்பு வரும், ஆனால் அவர் விளையாடவில்லை. எங்காவது ஒரு மணி நேரம் காலியாக இருந்தால் பென்சிலால் அங்கே தட்டிக்கொண்டே இருப்பார்.

“இங்க என்ன பண்ணுவாங்க மணி?” என்று கேட்பார். நான் ஓய்வு என்பேன். “ஓய்வுன்னா என்னைத் திட்டுவாங்கன்னு அர்த்தம். எதையாவது போடு.”

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ‘வேண்டாம்’, ‘கூடாது’, ‘இயன்றால்’ என்று எந்தச் சொல் வந்தாலும் அடித்துவிடுவார். ஆசையாகக் கிளம்புகிறவனைப் பயமுறுத்தாதே என்பது அவர் வாதம். கெட்ட மனிதர் இல்லை. என் அப்பா போனபோது கேவ்ராதலா சுடுகாட்டில் என்னோடு கடைசி வரை நின்றவர்.

அப்படித்தான் புக்கெட் ஷீட்டும் பிறந்தது. ஓட்டல்காரர்கள் அனுப்பிய படப் புத்தகங்கள், ஒரு பழைய கைடு, போய் வந்த மேனேஜர்கள் சொன்னது, எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு எழுதினேன். முதல் நாள் பழைய டவுனின் வர்ண வீடுகள், சலோங் கோயில், மலைமேல் வெள்ளை புத்தர். இரண்டாம் நாள் படகில் பாங் ங்கா விரிகுடா, மாலையில் தெற்கு முனையில் சூரிய அஸ்தமனம். மூன்றாம் நாள் காலையில் சந்தை, சாயங்காலம் ஆறரைக்குப் பளபள உடையில் நடக்கும் நடன நிகழ்ச்சி. அந்த ஊரில் பாங்ளா ரோடு, வங்காளிக் காதுக்கு வங்காள ரோடு, என்று ஒரு தெரு இருப்பதைக் கண்டு எங்கள் பயணிகளுக்கு ஒரே பூரிப்பு. நம் ஆட்கள் வைத்த தெரு போலிருக்கிறது என்று மாமிகளெல்லாம் சொந்தம் கொண்டாடினார்கள். அது மதுக்கடைத் தெரு என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் மேனேஜர்கள் பாடு பெரும்பாடு.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு ஒரு பொத்தல் இருந்தது. சான்யால் பாபுவின் பென்சில் அங்கே தட்டியது. கைடைப் புரட்டினேன். ஓட்டலுக்கு எதிரே கடற்கரை, கண்ணாடி மாதிரித் தண்ணீர், குழந்தைகள் மிதக்கிற படம். ‘4.00 முதல் 5.30 வரை: கடற்கரை. பார்க்க: நீலக் கடல். செய்ய: கடல் குளியல்’ என்று போட்டேன். சான்யால் பாபு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

அது குளிர்கால டூருக்கு எழுதிய ஷீட். படமும் குளிர்காலப் படம். இரண்டு வருஷம் ஜனவரியில் போனார்கள், கடலில் ஆடினார்கள், டிக் அடித்தார்கள், சந்தோஷமாகத் திரும்பினார்கள். அடுத்த வருஷம் அக்டோபரில் துர்கா பூஜை விடுமுறைக்கும் புக்கெட் வேண்டும் என்று ஆட்கள் வந்தார்கள். பூஜைக்கு ஊரைவிட்டுக் கிளம்பாத வங்காளி பாதிதான், மற்ற பாதிதான் எங்களுக்குச் சோறு போட்டது. நான் பழைய ஷீட்டை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினேன். பூஜை சமயத்தில் அந்தப் பக்கத்துக் கடலில் மழைக்காலம் இன்னும் முடிந்திருக்காது, அலை உள்ளே இழுக்கும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் நான் செய்த மகா சோம்பேறித்தனம் அதுதான்.

அந்த டூருக்கு மேனேஜர் தபன். பெஹாலாக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். குமட்டுகிற பயணிகளுக்கென்று எப்போதும் பையில் இஞ்சி மிட்டாய் வைத்திருப்பான். பஸ் ஏறும்போதெல்லாம் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணுவான். பெரியவர்களுக்குக் கோபம் வரும், விடமாட்டான். எங்களிடம் இருந்த ஆறு மேனேஜர்களில் கவனத்துக்குப் பேர்போனவன் அவன்தான்.

பூஜையின் உச்ச நாளான அஷ்டமி அன்று ஆபீசில் நான் ஒருவன்தான். பூஜை நாட்களில் ட்யூட்டியை என் தலையில் கட்டுவது வழக்கம். மதராஸிக்கு அஷ்டமி ஏது என்று சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் கொலு வைத்திருப்பதும், சாயங்காலம் வருகிறவர்களுக்குச் சுண்டல் தர நான் போய் நிற்கவேண்டும் என்பதும் யாருக்குக் கவலை. மூன்று மணிக்குப் பூட்டிவிட்டு நழுவுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன்.

இரண்டரைக்குத் தபன் கூப்பிட்டான். அங்கே மணி நாலு.

“தாதா, இங்க கரையில சிவப்புக் கொடி நட்டிருக்கான். அலை பெரிசா இருக்கு. நம்ம ஆளுங்க துண்டோட இறங்கி வந்துட்டாங்க. ஷீட்ல இருக்கேங்கறாங்க. நிறுத்திடட்டுமா?”

ஒரே ஒரு வார்த்தை போதும், நிறுத்து என்று. அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாவிட்டால் என்ன, வாயில் நாக்கு இருந்ததே. சான்யால் பாபுவிடம் கேட்டுச் சொல்கிறேன், இரு என்றேன்.

“அது வரைக்கும்?”

“அது வரைக்கும் ஷீட்ல இருக்கறதுதான்.”

இதை நான் சொன்னேன். என் வாயால், என் குரலில், எரிச்சலோடு சொன்னேன். அவன் சரி தாதா என்று வைத்துவிட்டான்.

சான்யால் பாபுவுக்கு மூன்று முறை அடித்தேன். பூஜைப் பந்தலில் தாக் மேளத்துக்கு நடுவே அவருக்குக் கேட்டிருக்காது. ரெஜிஸ்டரைத் திறந்து பேனாவை எடுத்தேன். பதில் வந்த பிறகு கேள்வியையும் பதிலையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று மூடிவைத்தேன். தபனைத் திரும்பக் கூப்பிடவில்லை. மூன்று மணிக்கு ஆபீசைப் பூட்டிக்கொண்டு, புதுச் சட்டை போட்ட கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

நான் நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அரிந்தம் என்பவரை அலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. சோதேபூர்க்காரர், நாற்பது வயது, மருந்துக் கம்பெனியில் வேலை. எங்கள் ஆட்கள் பூரிக் கடலில் குளித்துப் பழகியவர்கள். பூரியில் கூம்புத் தொப்பி போட்ட நூலியா என்கிற மீனவன் கையைப் பிடித்து அலைக்குள் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவான். இங்கேயும் கரையில் சீருடை போட்ட காவலாளி நிற்பதைப் பார்த்து, வந்து பிடித்துக்கொள்வான் என்று தைரியமாக இறங்கிவிட்டார்கள். அவன் ஊதிய விசில் இவர்களுக்குப் புரியவில்லை. தபன் வா வா என்று கத்திக்கொண்டு இடுப்புத் தண்ணீர் வரை போயிருக்கிறான். ஐந்து பேரைக் கரைக்கு இழுத்துப் போட்டான். ஆறாவது ஆள் கிடைக்கவில்லை. மறுநாள்தான் உடல் ஒதுங்கியது.

சான்யால் பாபுவின் நம்பர் வந்தபோது நான் கையில் சுண்டல் தட்டோடு நின்றேன். என் போனுக்குத்தான் பதில் கூப்பிடுகிறார் என்று நினைத்து, ஒன்றுமில்லை சார், சின்ன விஷயம் என்று ஆரம்பித்தேன். அவர் விஷயத்தைச் சொன்னார். கொலுவுக்கு வந்த ஒரு மாமி பாடிக்கொண்டிருந்தாள்.

நவமி அன்று காலையில் அவரும் நானும் மட்டும் ஆபீசில் உட்கார்ந்தோம். ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். அஷ்டமி பக்கம் வெறுமையாக இருந்தது. அவர் போனில் என் மூன்று அழைப்புகளும் இருந்தன, அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தபன் என்ன பேசினான் என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். சிவப்புப் பென்சிலை மேஜைமேல் உருட்டினார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு மணி. தினமும் அந்த நேரத்துக்குத்தானே ராத்திரி சாப்பாட்டு விஷயமா போன் பண்ணுவான். அதானே பேசினான்?”

அவர் கதவைத் திறந்து காட்டினார், அவ்வளவுதான். உள்ளே போனது நான். ஆமாம் என்றேன்.

பதினைந்து நாள் கழித்து அரிந்தத்தின் மனைவி ரூமா ஆபீசுக்கு வந்தாள். தபனையும் வரச் சொல்லியிருந்தார்கள். கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து எல்லோரும் விறைத்து உட்கார்ந்திருந்தோம். அவள் கைப்பையிலிருந்து மடித்த ஷீட்டை எடுத்து மேஜையில் விரித்து, உள்ளங்கையால் நீவினாள். முதல் நாளிலிருந்து எல்லாப் பாயிண்ட்டுக்கும் நீல மையில் டிக். அவள் கணவருக்கு ஒரு பழக்கமாம், இடத்துக்குள் நுழைவதற்கு முன்பே டிக் அடித்துவிடுவாராம். கடல் குளியலுக்கும் அடித்திருந்தார். நான் எழுதிய வரிக்கு நேராக அந்த டிக் இருந்தது.

என் கணவர் சொன்னால் கேட்கிற மனிதர், மேனேஜர் கண்டிப்பாக நிறுத்தியிருந்தால் நின்றிருப்பார் என்றாள் ரூமா. ஆபீசைக் கேட்டதாக மேனேஜர் சொல்கிறார், அது உண்மையா என்று மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டுச் சான்யால் பாபு பக்கம் அவள் திரும்பவில்லை. போனை எடுத்தவன் யார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், என்னைத்தான் பார்த்தாள்.

“இவர் உங்ககிட்ட கேட்டாரா?”

“கேக்கலை,” என்றேன்.

தபன் எழுந்தே விட்டான். “தாதா, கொடியப் பத்திச் சொன்னேனே. நீங்கதானே...”

“ரெஜிஸ்டர்ல இல்லியே தபன்.”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் கொடுமை. கணக்கில் எங்கோ தப்பு விழுந்துவிட்ட மாதிரி, தன் ஞாபகத்திலேயே தேடுகிறவன் மாதிரி பார்த்தான். ரூமா ஷீட்டை அதே மடிப்பில் மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரமே தபனை நிறுத்தினார்கள். எங்கள் தொழிலில் ஒரு ஆபீசில் நடந்தது மறுநாள் எல்லா ஆபீசுக்கும் தெரியும். பயணியைக் கடலில் விட்டவன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு யாரும் அவனை ஒரு பஸ்ஸில்கூட ஏற்றவில்லை.

நான் இன்னும் ஒன்பது வருஷம் அதே நாற்காலியில் இருந்தேன். பூஜை ஷீட்டில் அந்த வரியை எடுத்துவிட்டு ‘கடைத்தெரு’ என்று போட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சான்யால் பாபு ரிட்டயராகி, பிறகு ஒரு குளிர்காலத்தில் போயும் சேர்ந்தார். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எனக்கு ரிட்டயர்மென்ட் விழாவில் சால்வை போர்த்தி, முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தப்புக்கூடச் செய்யாத மனிதர் என்று பேசினார்கள். கை தட்டினார்கள். நானும் நன்றி சொன்னேன். என்ன ஜென்மம் நான்.

மௌமிதாவின் செய்தி வந்த பிறகு மூன்று நாள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்தேன். ஏழு விஷயம் வரை வந்தது. எட்டாவதாகக் கடற்கரையைத்தான் எழுத வேண்டும், கடற்கரை இல்லாமல் புக்கெட் ஏது. கை ஓடவில்லை. நாலாம் நாள் பழைய ஆட்களிடம் விசாரித்துக்கொண்டு கிடர்பூருக்கு பஸ் ஏறினேன். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் தபன் மூட்டை எண்ணுகிற வேலையில் இருப்பதாகச் சொன்னார்கள். எதையாவது சரிசெய்துவிடலாம் என்ற நப்பாசைதான். அவன் செத்துப்போவதற்குள், அல்லது நான் சாவதற்குள், அவன் சொன்னது உண்மை என்று அவன் காதில் ஒருமுறை விழவேண்டும் என்று நினைத்தேன்.

தபனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. லாரியின் பின்னால் நின்று மூட்டைகளைக் கையால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குனிந்து காலைத் தொட்டான். நான் பின்வாங்குவதற்குள் தொட்டுவிட்டான். உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, மண் குவளையில் டீ வரவழைத்தான். நான் வந்த விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று முழித்துக்கொண்டிருந்தபோது அவனே ஆரம்பித்தான்.

“தாதா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். அன்னிக்கு நான் கொடியப் பத்தி உங்ககிட்ட சொன்னேனா? ரெண்டு மூணு வருஷம் சொன்னேன்னு சத்தியம் பண்ணிட்டிருந்தேன். எல்லாரும் இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல எனக்கே குழம்பிப் போச்சு. சாப்பாட்டைப் பத்தித்தான் பேசினேனோ என்னவோ. என் பொண்டாட்டிகூடச் சொல்லிட்டா, மணிதா பொய் சொல்ற ஆளில்லன்னு.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்ட கேள்வியை அவன் கேட்ட வார்த்தையிலேயே திருப்பிச் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். மூன்று போன், எழுதாமல் மூடிய ரெஜிஸ்டர், கொலு, சான்யால் பாபுவின் கேள்வி, எதையும் விடவில்லை. ரூமாவிடம் ‘கேக்கலை’ என்று நான் சொன்னது பச்சைப் பொய் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், வெட்கமாக இல்லை. ரூமாவுக்கு இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நாம் இரண்டு பேரும் போய்க் கொடுப்போம் என்றேன்.

தபன் பொறுமையாகக் கேட்டான். முடித்ததும் என் முழங்காலில் கை வைத்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பஸ்ஸில் வாந்தி எடுத்த கிழவர்களுக்கு இஞ்சி மிட்டாய் கொடுக்கும்போது சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

“போதும் தாதா. எனக்காகச் சொல்றீங்க, தெரியுது. என் மேல இருக்கறத உங்க மேல இழுத்துப் போட்டுக்கறீங்க. இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு?”

“தபன், சத்தியமா சொல்றேன். நீ சொன்னே.”

“அந்தம்மாவுக்கு ஒவ்வொரு பூஜைக்கும் போன் பண்றேன் தாதா. மன்னிச்சிருங்கன்னு கேப்பேன். கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாம வெச்சிருவாங்க. போன வருஷம் முதல் தடவையா, சரி, நல்லா இருங்கன்னாங்க. இப்பத்தான் கொஞ்சம் ஆறியிருக்காங்க. இப்பப் போய் வேற ஆள் பேரைச் சொன்னா தாங்க மாட்டாங்க.”

மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவன் தலையாட்டினானே தவிர, ஒரு எழுத்துக்கூட உள்ளே போகவில்லை. வெளியே யாரோ மூட்டைக் கணக்குக் கேட்டார்கள். எழுந்தவன், டீயைக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பி வந்து என் கையைப் பிடித்து பஸ் ஸ்டாப் வரை நடத்திக் கூட்டிப்போனான். இத்தனை வருஷத்தில் ஆபீசிலிருந்து தேடி வந்த ஒரே ஆள் நீங்கள்தான், தேற்றுவதற்கென்று இத்தனை பெரிய பொய்யைச் சொல்ல யாருக்கு மனசு வரும் என்றான்.

கரியாஹாட் பஸ் வந்தது. என்னை ஏற்றிவிட்டு, படியில் நின்ற கண்டக்டரிடம், இவர் எங்க பெரியவர், ரொம்ப நல்ல மனுஷன், பாத்து இறக்கி விடுங்க என்று சொன்னான். கண்டக்டர் ஒரு பையனை எழுப்பி எனக்கு இடம் கொடுத்தான். உட்கார்ந்துகொண்டேன்.